காவல் நாயும் களஞ்சியப் பூனையும்: மிருக வைத்தியரின் விடைகள்

நெற்பயிரையும் மரக்கறிப் பயிரையும் நோயினின்றும் பூச்சியினின்றும் காக்கும் முறைகள் கமக்காரருக்குப் பலவாறு எடுத்துக் கூறப்பட்டுள்ளன. ஆயின், அப்பயிரை இரவிற் காவல் செய்யும் நாயையும், விதை நெல்லையும் உருளைக்கிழங்கு மூட்டையையும் எலியினின்று காக்கும் பூனையையும் பற்றிக் கூறப்பட்டது மிகச் சிறிதே. இவ்விரு பிராணிகளும் கூலி கேளாமல் உழைப்பவை. அவற்றின் நலங்கெடின் வீட்டாரின் நலமும், சில வேளைகளில் உயிரும், கெடும்.

நுவரெலியா மாவட்டத்து அக்கரப்பத்தனையில் தேயிலை மலைகளின் நடுவே, அக்கர ஓயாவின் இருமருங்கிலும், லயங்களின் பின்புறத்திலும், கோவா, லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு ஆகியவை பயிரிடப்படுகின்றன. லயமொன்றின் முன்னே பத்து வீட்டு நாய்கள் ஒன்றாய்த் திரிவதும், அவற்றுக்கருகே பிள்ளைகள் விளையாடுவதும், பின்னே பட்டியிற் கறவைப் பசு நிற்பதும் அங்கு நாள்தோறும் காணும் காட்சி. ஆகவே ஒரு நாய்க்கு வரும் நோய் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. இத்தகைய இடங்களிற் கமக்காரர் மிருக வைத்தியரிடம் அடிக்கடி கேட்கும் வினாக்களும், அவற்றுக்குரிய விடைகளும் கீழே தரப்படுகின்றன. மலைநாட்டிற்கு மட்டுமன்றித் தாழ்நில நெற்கமக்காரருக்கும் இவை பொருந்தும்.

1. நாய்க்கு விசர் பிடித்திருப்பதை எவ்வாறு அறியலாம்?

விசர்நோய், அதாவது நீர்வெறுப்பு நோய், கண்ணுக்குப் புலப்படாத ஒரு வைரசுக் கிருமியால் உண்டாவது. நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் இக்கிருமி உண்டு. கடித்தல், நகத்தாற் கீறுதல், புண்ணை நக்குதல் ஆகியவற்றால் அது உடலினுட் புகுந்து, நரம்பின் வழியாக மெல்ல மெல்ல மூளையை அடைகிறது. மூளையை அடைந்த பின்னரே நோய்க்குறிகள் தோன்றும். தோன்றியபின் மனிதருக்கும் விலங்குக்கும் பிழைப்பு இல்லையென்றே கொள்ளல் வேண்டும்.

நோயின் தொடக்கத்தில் நாயின் குணம் மாறும். இணக்கமான நாய் ஒதுங்கி இருளில் மறையும். ஒதுங்கும் நாய் வலிந்து வந்து ஒட்டும். பின்னர் இரண்டு வகையாக நோய் முற்றும். ஒன்று வெறிவகை. இதில் நாய் இலக்கின்றி ஓடும், கல், தடி, சங்கிலி என எதிர்ப்பட்டதெல்லாம் கடிக்கும், குரல் கரகரக்கும். மற்றையது ஊமைவகை. இதில் தாடை தொங்கி, உமிழ்நீர் வடிந்து, நாய் தள்ளாடிப் படுத்துவிடும். தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி அதன் வாயினுட் கைவிட்டோர் பலர். ஊமைவகையே இதனால் அதிக ஏமாற்றந் தருவது.

இரண்டு தவறான எண்ணங்களை இங்கே நீக்குதல் வேண்டும். நோயுற்ற நாய் நீரைக் கண்டு அஞ்சும் என்பது ஒன்று. நீர்வெறுப்பு மனிதரிடத்தே காணப்படும் குறி. நாய் ஓடையைக் கடந்து வந்ததாயினும் விசர் கொண்டிருக்கலாம். சித்திரை வெயிலில் மட்டுமே விசர் வரும் என்பது மற்றொன்று. குளிர்ந்த மலையிலும், அடைமழையிலும், ஆண்டின் எம்மாதத்திலும் அது வரும்.

2. நாய் கடித்துவிட்டால் முதலிற் செய்ய வேண்டியது யாது?

கடித்த நாயைத் துரத்துவதிற் காலம் போக்கலாகாது. உடனே பீலித் தண்ணீரையோ, வாளித் தண்ணீரையோ புண்ணின்மேல் ஓடவிட்டுச் சவர்க்காரத்தை நுரைக்கத் தேய்த்துப் பதினைந்து நிமிடம் கழுவுதல் வேண்டும். இக்கிருமியின் மேலுறை கொழுப்பினால் ஆனது. சவர்க்காரம் அவ்வுறையைக் கரைத்துக் கிருமியை அழிக்கிறது. துணி வெளுக்கும் சவர்க்காரமாயினும் போதும். பதினைந்து நிமிடம் நீண்ட நேரம்போலத் தோன்றும். ஆயின் அது உயிரைக் காக்கும் நேரம்.

புண்ணின்மேல் மிளகாய்த் தூள், மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித் தூள், தேயிலைத் தூள், மண்ணெண்ணெய் முதலிய எதனையும் அப்புதல் கூடாது. இவை புண்ணை மேலும் கிளறிக் கிருமியை உள்ளே செலுத்தும். இறுகக் கட்டுதலும் ஆகாது. கழுவியவுடன் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. தடுப்பூசியும், ஆழ்ந்த கடிக்கு வேண்டிய எதிர்ப்பொருள் மருந்தும் அங்கே இலவசமாகக் கொடுக்கப்படுகின்றன. முற்காலத்தில் வயிற்றைச் சுற்றிப் போடப்பட்ட வேதனை மிகுந்த ஊசிகள் இன்று இல்லை. இப்போதைய ஊசி கையிற் போடப்படுவது. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், குழந்தைகளும் அதனைத் தயக்கமின்றிப் பெறலாம்.

வைத்தியசாலைக்குச் சென்றால் அன்றைய பேர் போய்விடும் என்றோ, கொழுந்து முற்றிவிடும் என்றோ, கோவாவை லொறிக்கு ஏற்ற வேண்டும் என்றோ எண்ணி நாளைக்கென ஒத்திவைப்போர் உளர். கிருமி நரம்பைச் சென்று சேருமுன் ஊசி முந்துதல் வேண்டும். நோய் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதத்திலும், சில வேளை ஒரு கிழமையிலும், சில வேளை ஓராண்டுக்குப் பின்னும் வெளிப்படும். முகத்திலும் கழுத்திலும் விரலிலும் பட்ட கடி விரைவில் நோயாக முற்றும். பிள்ளைகள் உருவத்திற் சிறியவராதலின் அவர்களுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் படுகிறது. அடிவிழும் என அஞ்சிச் சிறு கீறலைப் பிள்ளை மறைத்துவிடுதலும் உண்டு. நாய் கீறினாற் சொல்; உன்னை ஒருவரும் கண்டிக்கமாட்டார் என்று பிள்ளைக்கு முன்னரே கூறி வைத்தல் நன்று.

மந்திரித்தலிலும் பார்வை பார்த்தலிலும் நம்பிக்கை உள்ளோர் அதனைச் செய்துகொள்ளலாம். ஆயின் சவர்க்காரமும் ஊசியும் அதற்கு முன் நிகழ்தல் வேண்டும்.

3. கடித்தது வளர்ப்பு நாய்தானே; ஊசி அவசியமோ?

ஊசி வேண்டுமோ, எத்தனை வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் வைத்தியரேயன்றிக் கடிபட்டவரல்லர். அவருக்கு வேண்டிய செய்திகளைத் தெளிவாகக் கூறுவது கடிபட்டவரின் கடமை. நாய் யாருடையது, அதன் தடுப்பூசி அட்டை உண்டோ, சீண்டியதாற் கடித்ததோ, வீணே வந்து கடித்ததோ என்பவற்றைக் கூறுதல் வேண்டும்.

கடித்த நாயை அடித்துக் கொல்லலாகாது. அதனைக் கட்டியோ, அடைத்தோ, உணவும் நீரும் கொடுத்துப் பதினான்கு நாட்கள் கவனித்தல் வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. நோய்க்குறி தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்னரே கிருமி உமிழ்நீரில் வந்து சேரும். அவ்வாறு கடித்த நாளிற் கிருமி இருந்திருப்பின், அந்நாய் இக்கால எல்லைக்குள் நோயுற்று இறந்துவிடும். பதினான்கு நாளும் நலமாக இருப்பின் அக்கடியால் விசர்நோய் வராது என்று கொள்ளலாம். கொன்றுவிட்டால் இவ்வுண்மையை அறியும் வழி அடைபட்டுப் போகும். நாய் மாயமானாலும், நோயுற்றாலும், இறந்தாலும் உடனே வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவித்தல் வேண்டும். இறந்த நாயின் தலையைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க அவர்கள் ஒழுங்கு செய்வர். வெறுங்கையால் அந்நாயைத் தொடுதலும், அறியாதவர் தலையை வெட்டுதலும் கூடாது.

4. நாய்க்கு எப்போது தடுப்பூசி போடுவித்தல் வேண்டும்?

ஆறு வாரக் குட்டிக்கே முதல் ஊசி போடலாம். குட்டிப் பருவத்து ஊசியின் காவல் நெடுநாள் நில்லாதாதலால், மிருக வைத்தியர் அட்டையிற் குறிக்கும் நாளில் மறுபடியும், பின்னர் ஆண்டுதோறும் போடுவித்தல் வேண்டும். பூனைக்கும் இதுவே முறை. பெட்டை நாய்க்கு ஊசி போட்டால் குட்டி ஈனாது என்பதும், காவல் நாயின் ரோசம் குறையும் என்பதும் வெறும் பேச்சு. சுகாதாரப் பகுதியினர் ஊர்தோறும் தோட்டந்தோறும் வந்து இலவசமாக ஊசி போடும் நாளில் நாயைச் சங்கிலியிற் பிணித்து, அதனைப் பழகிய பெரியவர் ஒருவரே கொண்டு செல்லுதல் வேண்டும். சிறுவர் கையில் அனுப்புதல் தகாது.

பத்து நாய்களில் ஏழு நாய்கள் ஊசி பெற்றிருப்பின் அவ்வூரில் நோய் பரவுதல் நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே தன் நாய்க்கு ஊசி போடுவிப்பவர் அயல்வீட்டுப் பிள்ளையையும் காக்கிறார். 1885ஆம் ஆண்டு யூலை மாதம் 6ஆந் திகதி பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர் என்னும் அறிஞர், விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போடுவித்து அவனைக் காப்பாற்றினார். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் இந்நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்கும் கடிபட்டோருக்கும் ஊசி போடும் வேலை பரவியதால், அண்மைக்காலத்தில் அத்தொகை ஆண்டுக்கு 20 அல்லது 30 என்னும் அளவுக்குக் குறைந்துள்ளது. எஞ்சிய இவ்விறப்புகளும் தடுக்கக் கூடியவையே.

5. பசு எச்சில் ஒழுக்கி, தொண்டை அடைபட்டாற்போல் முக்குகிறது. கைவிட்டுப் பார்க்கலாமோ?

கூடாது. விசர்நாய் கடித்த பசுவிலும் ஆட்டிலும் இதே குறிகள் தோன்றும். தொண்டையில் உருளைக்கிழங்கு அடைபட்டாலும் எச்சில் ஒழுகும். எதுவென அறியுமுன் கைவிடுதல் பேராபத்து. இரவில் நாயோ, கீரியோ, நரியோ பட்டியினுட் புகுந்ததுண்டோ என எண்ணிப் பார்த்து, மிருக வைத்தியரை அழைக்க. அவர் வருமளவும் அப்பசுவின் பாலைக் கறந்து பயன்படுத்தலும், ஊட்டக் கன்றை விடுதலும் தகாது. நோய் உறுதியானாற் பசுவைக் கையாண்டோர் யாவரும் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

6. குட்டி வாந்தியெடுத்து இரத்தமாய்க் கழிகிறது. பிழைக்குமோ?

இது பெரும்பாலும் பார்வோ என்னும் வைரசு நோய். 1978ஆம் ஆண்டளவில் உலகில் முதன்முதலாக அறியப்பட்டு, சில ஆண்டுகளில் எங்கும் பரவியது. குட்டியைக் கொல்வது பெரும்பாலும் உடலின் நீரிழப்பே. ஆகவே காலந்தாழ்த்தாது மிருக வைத்தியரிடம் கொண்டு சென்று, இரத்தக் குழாய் வழியே நீர் ஏற்றுவித்தாற் பல குட்டிகள் பிழைக்கும். வழியில் ஜீவனி கரைத்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வாயைப் பிளந்து வலிந்து ஊற்றினால் அது நுரையீரலிற் சென்று சேரும். சாராயம், கள், கோப்பிச் சாயம் ஆகியவை மருந்தாகா.

குட்டி இறந்த இடத்து மண்ணில் இக்கிருமி பல மாதம் உயிரோடிருக்கும். சாதாரணச் சவர்க்காரத்துக்கு இது அழியாது. வீட்டில் வழங்கும் வெளிற்றும் நீர் ஒரு பங்கை முப்பது பங்கு தண்ணீரிற் கலந்து தரையைக் கழுவுதல் வேண்டும். அவ்வீட்டிற்கு ஊசி போடாத புதுக் குட்டியை உடனே கொண்டுவருதல் கூடாது. இந்நோய்க்கும் தடுப்பூசி உண்டு.

7. மருந்து அடித்த தோட்டத்திற் சென்ற நாய் நடுங்கி நுரை தள்ளுகிறது. என்ன செய்வது?

மரக்கறித் தோட்டத்து நாய்க்கு நேரும் விபத்துகளில் இது முதன்மையானது. பூச்சிகொல்லி நஞ்சினால் உமிழ்நீர் பெருகும், கண்மணி ஊசிமுனைபோற் சுருங்கும், தசை துடிக்கும், கழிச்சல் உண்டாகும். நத்தைக் கொல்லி உருண்டைகளின் இனிப்பை நாடி உண்ட நாய்க்கு வலிப்பும் கடுஞ்சூடும் வரும். எலிமருந்துகளுட் பல இரத்தம் உறைவதைத் தடுப்பவை. அவற்றை உண்ட நாய் மூன்று முதல் ஐந்து நாள் நலமாக இருந்து, பின் மூக்கிலும் ஈறிலும் இரத்தம் வடிந்து சாயும். எலிமருந்தை உண்டது தெரிந்தால் நோய் தோன்றும்வரை காத்திராமல் அன்றே வைத்தியரை நாடினால் மாற்று மருந்தாற் காப்பாற்றலாம்.

உப்புநீர், தேசிக்காய்ச் சாறு, தேங்காயெண்ணெய், பால் என எதனையும் ஊற்றலாகாது. மயங்கிய நாயை வாந்தியெடுக்கச் செய்தால் மூச்சடைத்து இறக்கும். மயிரில் மருந்து பட்டிருப்பின், கையுறை அணிந்து சவர்க்காரமிட்டுக் கழுவுக. மருந்துப் போத்தலையோ உறையையோ உடன் எடுத்துச் செல்க. அதிலுள்ள பெயரைக் கண்டாலன்றி மிருக வைத்தியர் தக்க மாற்று மருந்தை விரைவாகத் தேர்ந்துகொள்ள இயலாது.

வருமுன் காத்தலே சிறந்தது. மருந்து கரைத்த வாளியையும் தெளிகருவியையும் ஓடையிற் கழுவலாகாது. வெற்றுப் போத்தல்களை வரப்பில் எறியலாகாது. மருந்து தெளித்த நாளில் நாயைக் கட்டி வைக்க.

8. தோட்டத்து விளைபொருள்களில் நாய், பூனைக்கு ஆகாதவை எவை?

லீக்ஸ், வெங்காயம், உள்ளி ஆகிய மூன்றும் ஆகா. பச்சையாயினும் வெந்ததாயினும் இவை நாயின் குருதியிலுள்ள செங்கலங்களை உடைத்துச் சோகையை உண்டாக்கும். பூனைக்கு இன்னும் சிறிய அளவே போதும். கழித்துப்போட்ட லீக்ஸ் குவியலின் அருகிற் குட்டிகளை விடுதலும், வெங்காயம் மிகுந்த கறிக்குழம்பைச் சோற்றிற் பிசைந்து வைத்தலும் தகா. பச்சை நிறமடைந்த உருளைக்கிழங்கும், அதன் முளையும் இலையும் நஞ்சு. கரட், பூசணி, வெந்த உருளைக்கிழங்கு ஆகியவற்றைச் சோற்றுடன் கொடுக்கலாம். சமைத்த கோழி எலும்பு ஊசிபோற் பிளந்து குடலைக் குத்தும், அதனை விலக்குக.

9. வீட்டிலுள்ள காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்கலாமோ?

மனிதர் உண்ணும் பனடோல் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. நோவு மாத்திரைகளுட் பல நாயின் இரைப்பையைப் புண்படுத்தும். ஆதலால் வீட்டு மாத்திரை எதனையும் மிருக வைத்தியரைக் கேளாமற் கொடுத்தல் கூடாது. நாய்க்குரிய உண்ணி மருந்துகளுட் சிலவும் பூனைக்கு நஞ்சாதலின், ஒன்றுக்கு வாங்கியதை மற்றொன்றுக்குப் பூசலாகாது.

10. சொறிக்குக் கழிவு எண்ணெய் பூசலாமோ?

வண்டியிற் கழித்த எண்ணெயைச் சொறி நாய்க்குப் பூசும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது தோலை எரித்து, நாய் நக்கும்போது உள்ளே சென்று ஈரலையும் கெடுக்கும். சொறியை உண்டாக்குவது தோலினுள் வாழும் நுண்ணிய சிற்றுண்ணி. அதனைக் கொல்லும் மருந்து மாத்திரையாகவும் ஊசியாகவும் மிருக வைத்தியரிடம் உண்டு. ஒருவகைச் சொறி மனிதருக்கும் ஒட்டிக் கடியைத் தரும்.

உண்ணிகளைக் காதிலும் விரலிடையிலும் தேடி, இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தெடுக்க, விரலால் நசுக்கலாகாது. உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் உணவை வெறுத்து, ஈறு வெளிறிக் கிடக்கும். ஓடைநீர் குடிக்கும் நாய்க்கு ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் வடிந்து ஓயாத தும்மலும் இருப்பின், மூக்கினுள் அட்டை புகுந்திருக்கலாம். அதனை எடுத்தல் வைத்தியரின் வேலை.

11. எலிக்காய்ச்சலுக்கும் நாய்க்கும் தொடர்பு உண்டோ?

உண்டு. எலியின் சிறுநீரில் வெளிப்படும் கிருமி, சேற்று நீரில் தங்கி, கால் வெடிப்பு வழியாகவும் புண் வழியாகவும் மனிதரையும் நாயையும் மாட்டையும் பற்றுகிறது. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய் கண்டோராகக் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் நெல்வயலில் இறங்கி உழைத்தோர் பலர். வலப்பனை, ஹங்குராங்கெத்தை போன்ற நெல் விளையும் பகுதியினர் இதனைக் குறித்துக் கொள்ளுதல் வேண்டும். வயலிற் கூடத் திரியும் நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளாதல் காணின், அதன் சிறுநீரை வெறுங்கையாற் கழுவலாகாது. நாய்க்கு இதற்குரிய தடுப்பூசி உண்டு. கமக்காரருக்கு வயல் வேலைக் காலத்திற் கொடுக்கப்படும் தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திற் கேட்டுப் பெறலாம்.

எலியைக் குறைக்கும் பூனை இவ்வகையிற் பெருந்துணை. ஆயின் பூனையைப் பட்டினியிட்டால் நன்றாக எலி பிடிக்கும் என்பது பிழை. வயிறார உண்ட பூனையும் வேட்டையாடும். பசித்த பூனையோ வீட்டை விட்டு அலையும்.

12. வளர்ப்பு நாய் ஏன் கடிக்கிறது?

நாய் கடிப்பதற்கு முன் பெரும்பாலும் அறிவிக்கும். உடல் விறைக்கும், முகத்தைத் திருப்பும், கண்வெள்ளை தெரியும், பின்னர் உறுமும். உறுமலுக்காக அடிவாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். ஆகவே உறுமலைத் தண்டிக்காமல், அதற்குரிய காரணத்தை விலக்குதலே அறிவுடைமை. நோவு, அச்சம், குட்டிப் பாசம், உணவுக் காவல் ஆகிய நான்கும் பொதுவான காரணங்கள்.

பகலிரவாகக் குறுஞ்சங்கிலியிற் கிடக்கும் நாய் கொடியதாகிறது. ஓட வழியில்லாதபோது அதற்கு எஞ்சிய ஒரே வழி பற்களே. பகலில் ஒரு வேளையேனும் அவிழ்த்து நடத்திச் செல்க. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டி கடியின் அளவை அறியாமல் வளர்கிறது. ஆகவே அவசரப்பட்டுக் குட்டி வாங்கலாகாது. உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டியீன்ற நாயையும் தொடாதிருக்கவும், அந்நிய நாய் எதிர்ப்பட்டால் ஓடாமல் மரம்போல் நிற்கவும் பிள்ளைகளுக்குப் பழக்குதல் வேண்டும்.

இரவில் நாய் ஓயாது குரைத்தால், திட்டுமுன் வெளியே நோக்குக. தேயிலை மலைகளிற் சிறுத்தை நாயைத் தேடி லயம்வரை வருதல் உண்டு. இரவில் நாயைத் திறந்தவெளியிற் கட்டி வைத்தல் அதனைச் சிறுத்தைக்கு இரையாக வைத்தலேயாம். அடைப்புள்ள சிறு கூட்டில், தரையினின்று ஒரு சாண் உயர்ந்த பலகைமேல், காய்ந்த சாக்கு விரித்துப் படுக்க விடுக. தைமாதத்துப் பனியினின்றும் அது காக்கும். காட்டுப்பன்றிக்கென மரக்கறித் தோட்டத்திற் கம்பிச் சுருக்கு வைத்தல் சட்டவிரோதம். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணியிற் கருஞ்சிறுத்தையொன்று அத்தகைய சுருக்கில் அகப்பட்டு, பின்னர் இறந்தது. வளர்ப்பு நாய்களும் அவ்வாறே சிக்கி இறக்கின்றன.

13. நாய் பாத்தியைக் கிளறுகிறது. பூனை நாற்றுமேடையில் மலங்கழிக்கிறது. எவ்வாறு தடுப்பது?

நாய் குளிர்ந்த, புதிதாகக் கொத்திய மண்ணை விரும்பும். மீன்தூள், எலும்புத்தூள் இட்ட பாத்தியை இன்னும் விரும்பும். அப்பசளையை ஆழப் புதைத்து, நாற்று வேர்கொள்ளும்வரை முட்கிளையோ வலையோ பரப்புக. கிளறி முடித்தபின் அடித்துப் பயனில்லை. எதற்காக அடி விழுந்தது என்பதை நாய் அறியாது. கிளறும்போதே கூப்பிட்டு, வந்ததும் தட்டிக் கொடுத்தலே பழக்கும் முறை. பூனைக்கு வீட்டருகே மணற் பெட்டியொன்று வைத்தாற் பாத்தியை விட்டுவிடும்.

நாய், பூனை மலத்தைப் பசளையாக இடுதல் கூடாது. அதிலுள்ள வட்டப்புழு முட்டை மண்ணில் நெடுநாள் கிடந்து, கழுவாத கோவாவோடும் கரட்டோடும் வயிற்றினுட் சென்று, பிள்ளைகளின் ஈரலையும் கண்ணையும் தாக்கவல்லது. பூனை மலத்துக் கிருமியொன்று கர்ப்பிணியின் கருவைக் கெடுக்கும். ஆகவே அவ்வேலையைக் கர்ப்பிணி செய்யலாகாது. குட்டிகளுக்கு இரண்டு வார வயது முதற்கொண்டு மிருக வைத்தியர் கூறும் முறைப்படி பூச்சி மருந்து கொடுத்து வருக.

14. பெட்டைக் குட்டிகளை ஆற்றங்கரையிலும் தெருச்சந்தியிலும் விடுகின்றனர். இதற்கு வழி யாது?

பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கொருமுறை பருவமடைந்து, அறுபத்து மூன்று நாளிற் குட்டி ஈனும். விடப்பட்ட குட்டிகளிற் பல மடிகின்றன. பிழைத்தவை ஊசி பெறாமல் வளர்ந்து, விசர்நோய்க்கு வழியாகின்றன. 2006ஆம் ஆண்டிலிருந்து தெருநாய்களைக் கொல்லுதல் இலங்கையில் நிறுத்தப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியுமே வழியாகக் கொள்ளப்பட்டுள்ளன. கொன்ற இடத்துக்கு வேற்று நாய்கள் வந்து சேருமேயன்றி நோய் குறையாது என்பது பல நாடுகளிற் கண்ட உண்மை. முதற் பருவத்துக்கு முன் கருத்தடை செய்த பெட்டைக்கு முலைக்கட்டி வருவதும் அரிது. ஆண் நாயும் இதனாற் காவலை விடாது. பெட்டையைத் தேடி அலைவதையே குறைக்கும். ஓரிரு வீட்டார் தனித்துச் செய்வதிலும், ஒரு லயத்தார் யாவரும் கூடி மிருக வைத்திய அலுவலகத்தில் ஒரு நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் எளிது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

கடியோ, கீறலோ பட்டவுடன் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுக.

புண்ணின்மேல் எதனையும் அப்பாமல், அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. குறித்த நாட்களில் எல்லா ஊசியையும் தவறாது பெறுக.

கடித்த நாயைக் கொல்லாமற் கட்டி, பதினான்கு நாள் கவனிக்க.

எச்சில் ஒழுக்கும் நாய், மாடு, ஆடு ஆகியவற்றின் வாயிற் கைவிடாதிருக்க.

நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்து, அட்டையைப் பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பெட்டியிலேயே பேணுக.

பயிர் மருந்தையும் எலிமருந்தையும் பூட்டி வைக்க. நஞ்சுண்ட பிராணியோடு மருந்து உறையையும் கொண்டு செல்க.

தடுப்பூசி அட்டையில் எழுதப்பட்ட நாளைத் தவற விடாத வீட்டில், நாய் காவலாக நிற்கும். தவறவிட்ட வீட்டில், அதே நாய் ஆபத்தாக நிற்கும். உங்கள் வீட்டு அட்டையை இன்றே எடுத்துப் பார்த்தல் நன்று.